ஆணி அடிக்காத கதவு

அத்தியாயம் 9

கணீர் அன்று காலையில் இரண்டு முறை சவரம் செய்துகொண்டார். முதல் முறை பழக்கத்தில். இரண்டாம் முறை பயத்தில். கேமரா தோலில் இருக்கும் துளையைக்கூட விட்டுவைக்காது என்று மகள் சொல்லியிருந்தாள். மேடையில் அவர் மூன்று நாள் தாடியோடு நடித்தபோதுகூட நான்காவது வரிசைக்கு அப்பால் யாருக்கும் தெரிந்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. மருத்துவமனையில் மட்டும் கூப்பிடுவார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் உட்கார்ந்தே இருந்துவிடுவார். கணீர் என்பது நாடகக் குழுவில் வைத்த பெயர். மைக் கெட்டுப்போன நாளிலும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த குரல்.

அந்தக் குரல் இப்போது இரண்டு அறை கொண்ட மாடி வீட்டில் சுவர்களோடு பேசிக்கொண்டிருந்தது. "ஜன்னலைச் சாத்தணும்," என்று சொல்லிவிட்டுச் சாத்துவார். "தண்ணி சுட்டிருச்சு," என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைப்பார். யாரும் "சரி" என்று சொல்லப் போவதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பார்.

நாடகத்தின் சரியான பெயரை ஜனங்கள் மறந்துவிட்டார்கள். 'கதவு நாடகம்' என்றால்தான் தெரியும். திரை எழும்போதே உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். கணவனோடு கோபித்துக்கொண்டு மனைவி உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் வெளியே நின்று கெஞ்சுவான், மிரட்டுவான், அசடு வழிவான். உள்ளேயிருந்து பதில் மட்டும் வரும். ஒவ்வொரு பதிலுக்கும் அரங்கம் குலுங்கும். கடைசியில் அவன் கதவில் முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து உட்கார்ந்து, "தப்பு என்னோடதுதான்" என்பான். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம். திரை விழும்.

அந்தக் கணவனாக முப்பது வருடம் நடித்தவர் கணீர். உள்ளேயிருந்து முப்பது வருடம் பதில் சொன்னவள் அவருடைய மனைவி.

நான்கு வருடத்துக்கு முன்பு, குழு கலைந்த கொஞ்ச நாளில், மூத்த மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று இரண்டு பையோடு அவன் வீட்டுக்குப் போனாள். குழந்தை பார்க்க இரண்டு பை அதிகம் என்று கணீருக்கு அப்போது தோன்றவில்லை. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டது. அவள் திரும்பவில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று பேசலாம். நடக்கவே இல்லை.

இந்த நிலையில்தான் இளையவள், சினிமா டைரக்டராக இருப்பவள், அந்த நாடகத்தைப் படமாக எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். "நாடகம் நாடகமாவே இருக்கட்டும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் மறுபேச்சில்லாமல் சரி என்றார். மகளுக்கே ஆச்சரியம்.

காரணம் எளிது. கதவு என்று இருந்தால் கதவுக்குப் பின்னால் குரல் வேண்டும். அந்தக் குரல் உலகத்தில் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் டப்பிங் தியேட்டரின் அரையிருட்டில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மைக்கின் முன்னால் நின்றே ஆகவேண்டும். அன்றைக்கு எந்தச் சட்டை போடுவது என்பதுவரை கணீர் முடிவு செய்து வைத்திருந்தார்.

இன்று கடைசிக் காட்சி எடுக்கிறார்கள். அது முடிந்தால் அடுத்தது டப்பிங்.

கீழே கார் ஹாரன் அடித்தது. "கிளம்பறேன்," என்று அறையிடம் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

*

ஊருக்கு வெளியே ஒரு காலிக் கிடங்குக்குள் வீட்டைக் கட்டியிருந்தார்கள். கூரை மட்டும் இல்லை. கூரை இருக்கவேண்டிய இடத்தில் விளக்குகள் தொங்கின. மற்றபடி எதிலும் குறை சொல்ல முடியாது. மேடையில் ஸ்விட்ச் போர்டைச் சுவரில் வரைந்திருப்பார்கள். இங்கே ஸ்விட்சைச் சுற்றி விரல் அழுக்குகூட இருந்தது. அலமாரியைத் திறந்தால் பாதி தீர்ந்த இருமல் மருந்து.

"குட்மார்னிங் சார்," என்றாள் மகள், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நானும் ஒரு வாரமா பாக்கறேன், சாரு மோருன்னு. அப்பான்னு கூப்பிட்டா கேமரா ஓடாதா?"

"ஓடும் சார். யூனிட் நின்னு வேடிக்கை பாக்கும்."

ஒலிப்பதிவுக்காரர் வந்து அவர் சட்டைக்குள் மைக்கைச் சொருகினார். "ஐயா, ஒரு வேண்டுகோள். மைக் இங்க, உங்க நெஞ்சு மேலயே இருக்கு. பக்கத்துத் தெருவுல இல்லை."

"என்னப்பா பண்றது? மெதுவாப் பேசினா பொய் சொல்ற மாதிரி இருக்கு எனக்கு."

"சினிமாவே அதுதானேய்யா," என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கணீருக்கும் சிரிப்பு வந்தது. நாலு பேர் சிரிப்பது காதில் விழுந்தாலே அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

போன வாரம் முழுக்க அவர் கதவைப் பார்த்துப் பேசும் காட்சிகளை எடுத்தார்கள். பதில் வரவேண்டிய இடங்களில் அவர் பழக்கப்படி நிறுத்தினார். பதில் சொல்ல யாரும் இல்லை. "எதிர் வசனம் யாரு குடுக்கறது?" என்று முதல் நாளே கேட்டுப் பார்த்தார். "வேண்டாம் சார். நீங்க பேசுங்க போதும்," என்றாள் மகள். சினிமாவில் எல்லாவற்றையும் பின்னால்தான் ஒட்டுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அதனால் பேசாமல் இருந்துவிட்டார்.

முழு ஸ்கிரிப்டை அவள் எப்போதோ கொடுத்துவிட்டாள். கணீர் அதில் தன் வசனங்களை மட்டும் தனித்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மீதியை இழுப்பறையில் வைத்துவிட்டார். அவர் வளர்ந்த குழுவில் அதுதான் முறை. நடிகனுக்கு அவன் பேச வேண்டியதை மட்டும் தருவார்கள். எதிராளி பேச்சில் கடைசி இரண்டு மூன்று சொற்களை மட்டும் மேலே குறித்திருப்பார்கள். அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் இவன் தொடங்க வேண்டும். முழு நாடகத்தையும் படிப்பது எழுதியவரின் வேலை. எல்லாவற்றையும் படிக்கிற நடிகன் எதிராளி வசனத்துக்கு வாயசைத்துவிடுவான் என்று அந்தக் காலத்தில் ஒரு பயமும் இருந்தது.

"கடைசி சீன் சார். முதல்ல நான் சொல்லிடறேன்..." என்று மகள் எழுந்தாள்.

"நீ சொல்ல என்ன இருக்கு? நான் பண்றதைப் பாத்துட்டு கேமராவை எங்க வைக்கணுமோ வெச்சுக்கோ."

ஆயிரம் முறைக்கு மேல் செய்தது. நாலு அடி நடந்தார். நின்றார். திரும்பினார். முதுகு முழுவதையும் கதவின் மேல் சாய்த்தார்.

மேடைக் கதவு உண்மையில் கதவே அல்ல. சட்டத்தில் பலகையை வைத்து, பின்பக்கம் குறுக்குக் கட்டை கொடுத்து ஆணி அடித்திருப்பார்கள். எருமை வந்து முட்டினாலும் அசையாது. அந்த நம்பிக்கையில் உடம்பைக் கொடுப்பதுதான் அவர் பேர் வாங்கிய சாய்வு.

இந்தக் கதவுக்குக் கீல் இருந்தது. தாழ்போட்டிருக்கவில்லை.

கணீர் உள்ளே மல்லாந்து விழுந்தார்.

யாரோ கத்தினார்கள். பல கால்கள் ஓடிவந்தன. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. யானைக்கும் அடி சறுக்கும்," என்று படுத்தபடியே சொன்னார். முழங்கை மட்டும் எரிந்தது. எழுந்து உட்கார்ந்தபோதுதான் அறையைப் பார்த்தார்.

ஜன்னல் திறந்திருந்தது. சுவரில் ஒரு ஆணி, அதில் எதுவும் மாட்டவில்லை. கட்டில் கிடந்த இடத்தில் நாலு கால்களின் தடம் மட்டும் இருந்தது. தரை முழுக்க மெல்லிய தூசி. அதன் நடுவில் இப்போது அவர் விழுந்த இடம் பெரிய பள்ளம்போலத் தெரிந்தது.

"வேலை பாதியில நிக்குதா?" என்று கேட்டார்.

செட்டைக் கவனிக்கும் இளைஞன் வாசலில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். "ஐயோ சார், மெதுவா எழுந்திருங்க. நேத்து பூரா உக்காந்து சலிச்சு சலிச்சுத் தூவின தூசி சார்!"

"எதுக்குய்யா தூசி?"

"ஆள் போய் ரொம்ப நாளாச்சுன்னு பாத்த உடனே தெரியணும்ல சார்."

"எந்த ஆள்?"

அவன் டைரக்டரைத் திரும்பிப் பார்த்தான்.

*

"எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க," என்றாள் மகள். கிடங்கு காலியானது. அப்பாவும் மகளும் பொய்ச் சமையலறையில் உட்கார்ந்தார்கள். குழாய் இருந்தது, தண்ணீர் வராது. அவர் முழங்கையைத் துடைக்க அவள் பாட்டிலிலிருந்து துணியை நனைத்துக் கொடுத்தாள்.

"அடி பலமாப்பா?" 'சார்' போய்விட்டது.

"அவ இல்லையா படத்துல?"

மகள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஒரு வசனம்கூடவா?"

"இல்லைப்பா. கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்க போயிட்டாங்க. அது கணவருக்குத் தெரியாது. கதவைத் திறந்து பாக்காம பேசிக்கிட்டே இருக்காரு. கடைசியில திறக்கறாரு. இதுதான் படம். முழு ஸ்கிரிப்டும் குடுத்தேனே, படிக்கலையா?"

"என் வசனத்தைப் படிச்சேன்."

"அதானே," என்றாள் அவள்.

கணீர் எழுந்து நாலு அடி நடந்தார். சமையலறை அத்தோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் வெறும் பலகையும் கம்பியும்தான். திரும்பி வந்தார்.

"ஜனங்க சிரிச்சதே அவ பதிலுக்குத்தான். நான் முட்டாள் மாதிரி ஒண்ணு கேப்பேன், அவ அங்கேருந்து ஒரு போடு போடுவா. அதை எடுத்துட்டா உப்புச் சப்பு என்ன இருக்கு இதுல? படம் பூரா காலி ரூம்கிட்ட பேசறானே, இவன் என்ன பைத்தியமா?"

"பைத்தியம் இல்லைப்பா. பழக்கம்."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"பழைய வீடியோவை ஒரு காலேஜ்ல போட்டுக் காட்டினேன்," என்று மகள் தொடர்ந்தாள். "விழுந்து விழுந்து சிரிச்சாங்க. முடிஞ்சதும் ஒரு பொண்ணு எழுந்து கேட்டா, 'அந்தம்மா இத்தனை நேரம் உள்ள என்ன செஞ்சிட்டு இருந்தாங்க?'ன்னு. எல்லாரும் அதுக்கும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஒரு வருஷம் அதையே நெனச்சிட்டு இருந்தேன். எழுதி எழுதிப் பாத்தேன். உள்ள விளக்கு வெச்சேன், உள்ளேயே கேமராவை வெச்சேன், அவங்களைக் கட்டில்ல உக்கார வெச்சேன். எப்படி வெச்சாலும் எழுந்து போயிட்டே இருந்தாங்கப்பா."

"முப்பது வருஷத்துல ஒரு ஈ காக்காகூட இப்படிக் கேட்டதில்லை."

"அம்மா கேட்டாங்க."

"எப்ப கேட்டா?"

"நாடகம் முடிஞ்சு நீங்க எல்லாரும் முன்னால வந்து வணங்குவீங்க. குரலோட முகம் தெரிஞ்சா மாயம் கலைஞ்சிடும்னு அம்மாவை மட்டும் விட மாட்டீங்க. கைதட்டல் அடங்கறதுக்குள்ள உங்க செருப்பைத் தேடி எடுத்துப் பின்வாசல்ல வெச்சிருப்பாங்க. நான் பக்கத்துல பாய்ல படுத்திருப்பேன். 'நான் இங்க இருக்கறது உனக்காவது தெரியுதா?'ன்னு கேப்பாங்க. எனக்கு அப்ப அது விளையாட்டு. 'தெரியலையே'ன்னு கண்ணை மூடிக்குவேன்."

"அது நான் போட்ட சட்டமா? எழுதினவர் போட்டது."

"அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாச்சு. சட்டத்தை விடாமக் காப்பாத்தினது யாரு?"

வெளியே யாரோ டம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது. கணீர் கைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"குரல் குடுக்க அவகிட்ட கேட்டியா?"

"இல்லை."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வந்துடுவாங்கப்பா. எனக்காக வந்துடுவாங்க. வந்து மறுபடியும் ஒரு கதவுக்குப் பின்னால நிப்பாங்க. அதனாலதான் கேக்கலை."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்தது பெற்ற பெண். அவளைத் திட்டவும் வாய் வரவில்லை.

"நான் எதுக்கு இதுக்கு ஒத்துக்கிட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். டப்பிங் எப்ப, டப்பிங் எப்பன்னு அண்ணனைப் போட்டுக் கொடைஞ்சிருக்கீங்க. அண்ணன் சொன்னான்."

"தெரிஞ்சும் சொல்லலை."

"பயமா இருந்ததுப்பா. அப்பா படிச்சிருப்பாரு, படிச்சுட்டுத்தான் சரின்னு சொல்லியிருப்பாருன்னு நானே நம்பிக்கிட்டேன். அப்படி நம்பறது சௌகரியமா இருந்தது."

அவள் கையில் ஆறிப்போன டீ. மேலே ஏடு படிந்திருந்தது. இந்த ஒரு வாரமாக அவள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டு அவர் பார்க்கவில்லை. டைரக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுவதே இல்லை. அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல இருந்திருக்கிறோம் என்று இப்போது உறைத்தது.

"நான் இதுல நடிக்க மாட்டேன்னு போனா?"

"புரொடியூசர் முதல்லேர்ந்தே வேற ஒருத்தர் பேரைச் சொல்லிட்டு இருக்காரு. அவரை வெச்சு எனக்கு இந்தப் படம் வேண்டாம். நிறுத்திடுவேன்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா குரலைத் திரும்பக் கொண்டுவர மாட்டேன்ப்பா. அதை மட்டும் கேக்காதீங்க."

பிடிவாதத்தில் அம்மாவையே உரித்து வைத்திருந்தாள்.

"அந்தத் தூசிக்காரனைக் கூப்பிடு," என்றார் கணீர். "நான் கலைச்சதைச் சரி பண்ணட்டும்."

*

முதல் டேக்கில் கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தார். இடது கை தானாக எழுந்து நெஞ்சில் போய் விழுந்தது. தலை பின்னால் சாய்ந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அரங்கமாக இருந்தால் பால்கனியில் இருப்பவர்கள் கைக்குட்டையை எடுத்திருப்பார்கள்.

மகள் எழுந்து வந்தாள். சத்தம் போடவில்லை. கேமராவின் கண்ணாடிக்கு முன்னால் ஒரு விரலை நீட்டினாள். "அப்பா, கடைசி வரிசை இங்கதான் இருக்கு," என்றாள். கையை நீட்டினால் தொடலாம். அவ்வளவு பக்கம்.

அவள் எல்லோர் முன்னாலும் அப்பா என்று கூப்பிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

இரண்டாவது டேக். விளக்குகள் எரிந்தன. யாரோ டேக் எண்ணைச் சொல்லிக் கிளாப் கட்டையைத் தட்டினார்கள். கணீர் கதவின் முன்னால் நின்றார். பேசவேண்டிய வசனங்களைப் பேசினார். வழக்கம்போல நிறுத்தினார். பதில் இல்லாத இடங்கள் கடந்து போயின. கடைசி வசனம் வந்தது. கதவைத் திறந்தபின் சொல்லவேண்டும்.

திறந்தார். அதே ஜன்னல், அதே ஆணி, புதுத் தூசி. "தப்பு என்னோடதுதான்" என்று இந்த இடத்தில் வரவேண்டும். வரவில்லை. யாரிடம் சொல்வது என்று ஒரு கணம் உண்மையாகவே குழம்பிப்போனார். ஒரு அடி எடுத்து வைத்தார். இன்னொரு அடி. உள்ளே போய், கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சாத்தினார்.

இப்போது கேமராவுக்குச் சாத்திய கதவு மட்டும்தான் தெரியும். "கட்" சொல்லவில்லை. கணீர் கதவின் உட்பக்கத்தில் நின்றார்.

முப்பது வருடத்தில் அவர் இந்தப் பக்கம் நின்றதே இல்லை. மேடையில் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். ஒரு ஸ்டூல் இருந்திருக்கும். விளக்கு? தெரியவில்லை. வெயில் காலத்தில் அங்கே காற்று வருமா? தெரியவில்லை. வெளியே இத்தனை பேர் நிற்கிறார்கள், இங்கிருந்து ஒருவர்கூட இருப்பதாகத் தெரியவில்லை. தன் குரல் இங்கிருந்து எப்படிக் கேட்டிருக்கும்? மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ முரசு அடிப்பதுபோல இருந்திருக்குமோ?

அவள் பதிலைச் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தார். "...யாரைக் கேட்டு?" என்று வந்தது. அதற்கு முன்னால் என்ன? "...சாவி எங்க இருக்கு?" அதற்கு முன்னால்? "...எனக்குப் பழகிப்போச்சு." இது மூன்றாவது காட்சி. அவள் மூச்சு விடாமல் பேசும் நீளமான இடம். முதலில் சிரிப்பார்கள், நடுவில் சிரிப்பு அடங்கும், கடைசியில் அரங்கமே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதிக்கு வந்துவிடும். அந்த நேரம் முழுக்க அவர் என்ன செய்தார்? வேர்வையைத் துடைத்தார். முன்வரிசையில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். அடுத்த வசனத்துக்கு முகத்தைத் தயார் செய்தார். "எனக்குப் பழகிப்போச்சு" என்று காதில் விழுந்ததும் தொடங்கினார்.

அவளுடைய வாக்கியங்களில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் வால்தான். தலை ஒன்றுகூட நினைவில் இல்லை. மறந்துபோனால் தேடி எடுக்கலாம். இவை அவர் காதுக்குள் போனதே இல்லை.

"கட்," என்றது வெளியே மகளின் குரல். வெகு நேரம் கழித்து.

யாரும் கைதட்டவில்லை. ஒலிப்பதிவுக்காரர் மெல்ல இருமினார். செருப்புச் சத்தம் ஒன்று கதவுவரை வந்து நின்றது.

"நல்லா வந்திருக்குப்பா," என்றாள் மகள் கதவுக்கு வெளியேயிருந்து. "வசனம் வேண்டாம். இப்படியே வெச்சுக்கறேன். வாங்க."

"பாப்பா."

"ம்."

"மூணாவது காட்சில உங்கம்மா நீளமாப் பேசுவாளே. 'எனக்குப் பழகிப்போச்சு'ன்னு முடியும். அது உனக்குத் தெரியுமா?"

"முழுக்கத் தெரியும். அதைக் கேட்டுக்கிட்டுத்தானே தூங்குவேன்."

"சொல்லேன்."

வெளியே அவள் விரல் கதவை லேசாகச் சுரண்டியது. பிறகு, "நான் சொல்ல மாட்டேன்ப்பா. அதை நீங்க கேக்க வேண்டியது என்கிட்ட இல்லை," என்றாள்.

*

வீட்டுக்கு வந்தபோது தெருவில் கடைகள் அடைத்திருந்தன. அறையிடம் எதுவும் சொல்லாமல் உள்ளே போனார். சட்டையைக்கூட மாற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

அவள் எண்ணை 'வீடு' என்று பதிந்திருந்தார். ஒரு காலத்தில் அது பொருத்தமாக இருந்தது. பிறகு மாற்ற மனம் வரவில்லை. நான்கு வருடத்தில் அந்தப் பெயரைப் பல முறை விரலால் தேடிப் போய், பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இன்று அழுத்திவிட்டார்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"சொல்லுங்க."

"நான்தான்."

"தெரியுது. மெதுவாப் பேசுங்க, குழந்தை இப்பதான் கண்ணசந்திருக்கு. போன்ல பேசறீங்களா, மொட்டை மாடியிலேருந்து கூப்பிடறீங்களான்னே தெரியலை."

அவர் குரலைத் தணித்தார். தணித்தபோது அது வேறு யாருடையதோபோல இருந்தது. "இன்னைக்குக் கடைசி சீன் எடுத்தாங்க."

"பாப்பா சொல்லியிருந்தா."

"நீ அதுல இல்லை."

"அதையும் சொன்னா. முன்னாடியே." எங்கோ ஒரு பாத்திரத்தை நகர்த்தும் ஒலி. "விழுந்தீங்களாமே. கைக்கு மருந்து போட்டீங்களா?"

"போடணும்." அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "மூணாவது காட்சில நீ நீளமாப் பேசுவியே. அது எனக்கு வேணும்."

"இப்ப எதுக்கு? படத்துலதான் இல்லைன்னு ஆயிடுச்சே."

"படத்துக்கு இல்லை."

"பின்ன?"

"எனக்குத் தெரியலை." இது அவர் எழுதி வைத்துக்கொண்ட வசனம் அல்ல. எங்கே நிறுத்துவது என்றும் தெரியவில்லை. "கடைசி ரெண்டு வார்த்தைதான் தெரியுது. அதுக்கு முன்னாடி நீ என்ன சொல்வேன்னு இன்னைக்கு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே வரலை. எல்லாப் பேச்சுக்கும் அப்படித்தான். கடைசி மட்டும்தான் தெரியுது."

எதிர்முனையில் பேச்சில்லை. அவள் போனை வைத்துவிடவும் இல்லை. மூச்சு கேட்டது. வேறு நாளாக இருந்தால் அவர் எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பியிருப்பார். ஒரு சிரிப்பு, ஒரு பழைய கதை, குழந்தை எப்படி இருக்கிறான் என்று ஒரு விசாரிப்பு. நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த மௌனத்துக்குள் தூரத்திலிருந்து செருப்புச் சத்தம் ஒன்று நெருங்கி வந்தது. மகனின் குரல். அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல இருந்தது.

"யாரும்மா போன்ல?"

கணீர் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். கீழே தெருவில் ஏதோ வண்டி போனது. அது போய்த் தொலையட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். இந்தப் பதிலையாவது முதல் சொல்லிலிருந்தே கேட்டுவிட வேண்டும்.